வானம் ஈரமாக இருந்தது

முதல் ரயிலிலிருந்து இறங்கும்போது நெரிமா ஊரின் முட்டைக்கோஸ் வயல்களில் உறைபனி படிந்திருந்தது. தமாயே கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு வயல் ஓரமாகவே நடந்தாள். கோரைப்பாய் தைக்கிற கடை இன்னும் திறக்கவில்லை. அந்தக் கடையின் பக்கவாட்டில் ஏறுகிற இரும்புப் படிக்கட்டின் உச்சியில் இருந்தது அகிகுசா கலைக்கூடம்.

கலைக்கூடம் என்பது பெயர்ப்பலகையில் இருப்பது. உள்ளே போனால் நீளமாக ஒரே ஓர் அறை. ஜன்னலைப் பார்த்து ஒரு வரிசை மேசைகள், சுவரைப் பார்த்து ஒரு வரிசை மேசைகள், மேசைக்கு அடியில் தண்ணீர் வாளிகள். கார்ட்டூன் படத்தில் ஆட்கள் ஓடுவார்கள், சண்டை போடுவார்கள், அழுவார்கள். அந்த ஆட்களை வரைகிறவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அவர்கள் ஓடுகிற தெருவும், சண்டை போடுகிற பள்ளிக்கூட மைதானமும், யாருக்கும் தெரியாமல் அழுகிற சமையலறையும் இந்த அறையில்தான் பிறந்தன.

தினமும் முதலில் வருகிறவள் தமாயேதான். வாளித் தண்ணீரின் மேல் கட்டியிருக்கும் பனிக்கட்டியைத் தூரிகைக் காம்பால் உடைப்பாள். தண்ணீர் மாற்றுவாள். மற்றவர்கள் வருவதற்குள் அன்றைக்கு வேண்டிய காகிதத்தையெல்லாம் ஊறவைத்து, சுருக்கமில்லாமல் பலகையில் இழுத்து ஒட்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க அவளுடைய விரல் கணுக்கள் வெடித்து, வெடிப்புக்குள் நீலமும் சிவப்பும் ஏறியிருக்கும். கணப்பு ஒன்று நடுவில் இருந்தது. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் அதைப் பற்றவைக்கலாம் என்பது முதலாளி குராமொச்சியின் உத்தரவு. ஒற்றை ஆளுக்காக மண்ணெண்ணெய் எரிப்பது அவருக்குப் பொறுக்காது.

அன்றைக்கு அவள் கதவைத் திறந்தபோது ஜன்னலோரம் ஒரு மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கஜிவாரா மேசைமேல் கையை மடித்து, அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. தமாயேவுக்கு அது புதிய காட்சி இல்லை. அந்த அறையில் மேசைமேல் தூங்காதவர் யாருமே இல்லை. அவள் செருப்பை மாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தாள்.

கஜிவாராவின் தலைக்குப் பக்கத்தில் பலகை சாய்ந்திருந்தது. துறைமுக ஊரில் டிராம் ஓட்டுகிற ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் படத்துக்கான வேலை அது. அம்மா விடியலில் வேலைக்குப் புறப்படும்போது கூரைகளுக்கு மேல் தெரிகிற வானத்தை அவர் தீட்டிக்கொண்டிருந்தார். மேலே கருநீலம், அதற்குக் கீழே சாம்பல் பூத்த ஊதா. அதோடு நின்றிருந்தது. கீழ்ப்பாதி வெறும் ஈரக் காகிதம். தட்டுகளில் அடுத்தடுத்த நிறங்கள், வெளிர்மஞ்சள் வரைக்கும் கரைத்து வரிசையாகத் தயாராக இருந்தன.

வானம் தீட்டுவது மற்ற வேலைகளைப் போல இல்லை. காகிதம் முழுவதையும் நனைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நின்ற இடத்தில் கோடு விழும். விழுந்த கோட்டை எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. அதனால் அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. தீட்டுகிறவர் தொலைபேசிக்கு ஓடினாலோ, அப்படியே கண்ணயர்ந்துவிட்டாலோ, பக்கத்தில் இருப்பவர் கேட்காமல் தூரிகையை எடுத்து வானத்தை முடித்துவிடுவார். யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். நாளைக்கு அவர் வானத்தை இவர் முடிப்பார்.

தமாயே விரல் நுனியால் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் அப்படியே இருந்தது. ஆனால் விளக்குக்கு அருகில் பளபளப்பு மங்க ஆரம்பித்திருந்தது. பாவம், தூங்கட்டும் என்றுதான் நினைத்தாள். அவள் இடதுகைக்காரி. அவர் தோளில் படாமல் நின்றுகொண்டு, அகலத் தூரிகையை இடது கையில் எடுத்து, ஊதாவைச் சாம்பலுக்குள்ளும், சாம்பலை மங்கிய ரோஜாவுக்குள்ளும், ரோஜாவை மஞ்சளுக்குள்ளும் இழுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. கூரை விளிம்புவரை இறக்கி முடித்தபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எழுந்ததும் திட்டுவார், என் மஞ்சளை வெளுக்கடிச்சிட்டியே என்பார், அப்புறம் சிரிப்பார்.

தூரிகையைக் கழுவினாள். ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டை எடுத்துத் தோளில் போர்த்தினாள். அப்போது அவருடைய மற்றக் கை மேசையிலிருந்து நழுவிக் கீழே தொங்கியது. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

*

மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாற்பத்தோரு வயது. மனைவி ரிட்சுகோ பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை செய்கிறவள். மகள் அந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தாள்.

கஜிவாரா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு வீட்டைத் தீட்டச் சொன்னால் அவருக்குக் கேள்வி மேல் கேள்வி வரும். இந்த வீட்டில் நனைந்த குடையை எங்கே மாட்டுவார்கள்? ஆணி எந்த உயரத்தில் இருக்கும்? அந்த ஆணிக்குக் கீழே துரு எவ்வளவு தூரம் வழிந்திருக்கும்? விளக்குச் சுவிட்சைச் சுற்றிச் சுவர் கறுத்திருக்கிறதா? குழந்தை இருக்கிற வீடு என்றால் இடுப்பு உயரத்திலும் அழுக்கு வேண்டும். “படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்த வீட்ல ஆள் இருந்திருக்கணும்” என்பார். அவர் தீட்டிய அறைகளைப் பார்த்தால் யாரோ இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்கிறார்கள் என்று தோன்றும். ஆட்கள் இல்லாத அந்த அறைகளில் ஆட்களின் சூடு இருக்கும்.

இறுதிச் சடங்கில் குராமொச்சி எல்லோருக்கும் முன்னால் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை பொய்யென்று சொல்லிவிட முடியாது. அவரும் ஒரு காலத்தில் தூரிகை பிடித்தவர்தான், கஜிவாராவோடு ஒரே வாளியில் தூரிகை கழுவியவர்தான். ஆனால் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததும் ஆள் மாறிவிட்டார். வேலை செய்யும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு அரசாங்கத்தின் உதவித்தொகை உண்டு. ரிட்சுகோ அதைக் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்து கேட்டபோது குராமொச்சி இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, கஜிவாரா எங்கள் ஊழியரே இல்லை, தனக்கு இஷ்டப்பட்ட நேரத்தில் வேலை செய்கிற சுதந்திரக் கலைஞர். இரண்டு, அன்றைக்கு அவர் வேலையும் செய்யவில்லை. அந்த வானம் முதல் நாள் மாலையே முடிந்துவிட்டது. கடைசி ரயிலைத் தவறவிட்டு, ராத்தங்க இடமில்லாமல் மேசையில் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

கலைஞர் கதை பழையது. முந்தின வசந்தத்தில் குராமொச்சி எல்லோரையும் கூப்பிட்டு, மாதச் சம்பளம் என்பது குமாஸ்தாக்களுக்கு, நீங்கள் கலைஞர்கள், கலைஞர்களுக்கு நேரம் காலம் ஏது என்று உருக்கமாகப் பேசினார். அன்றிலிருந்து தீட்டுகிற ஒவ்வொரு படத்துக்கும் இவ்வளவு என்று கூலி ஆனது. அந்தக் கூலியும் இரண்டு முறை குறைந்தது. ஒரு தெருவைத் தீட்டிக் கொடுத்தால் அதையே மூன்று காட்சிக்கு ஓட்டிக்கொள்வார்கள், கூலி மட்டும் ஒரு தடவைதான். கலைஞர் என்று மாலை போட்டுக் கழுத்தை அறுத்தான் என்று ஓனுக்கி சொல்வார். அந்த அறையிலேயே வயதானவர் ஓனுக்கி. சிகரெட்டும் கேலியும் வாயை விட்டு இறங்காத மனிதர்.

இரண்டாவது கதை பொய்யென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் மாலை குராமொச்சி கஜிவாராவின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, இந்த வானம் சரியில்லை, விடிகிற வானம் வேண்டும், காலையில் படங்களை எடுத்துப் போக வண்டி வந்துவிடும், அதற்குள் புதிதாகத் தீட்டு என்று சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் வீட்டு வாடகை இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

வானம் ஈரமாக இருந்ததை அறிந்தவள் தமாயே ஒருத்திதான். ஈரமாக இருந்தது என்றால், அவர் தூங்கப் போனவர் இல்லை. சற்று முன்புவரை கையில் தூரிகையோடு இருந்தவர். அந்த ஒரு வார்த்தை போதும், ரிட்சுகோவின் வழக்குக்கு உயிர் வந்துவிடும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் தமாயேவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் வந்தபோது அவருக்கு உயிர் இருந்ததா? தோளைத் தொட்டு எழுப்பியிருந்தால்? அந்தக் கேள்வி அவளோடு ரயிலில் வந்தது, வாளியில் பனிக்கட்டி உடைக்கும்போது பக்கத்தில் நின்றது. அவள் வானம் தீட்டுவதை நிறுத்திவிட்டாள். சுவரும் தரையும் உள்ள படங்களாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

*

அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஆள் வரப்போகிறார் என்று தெரிந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குராமொச்சி தமாயேவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் தன் கையால் ஊற்றுகிறார் என்றால் ஏதோ வாங்கப் போகிறார் என்று அர்த்தம். பிறகு அலமாரிக்குள்ளிருந்து அந்த வானத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். படம்பிடித்து முடித்துத் திரும்பி வந்திருந்தது.

“அருமையான வானம்” என்றார் குராமொச்சி. “மேல்பாதி கஜிவாரா. பிரஷ் இடதுலேர்ந்து வலதுக்குப் போயிருக்கு. கீழ்பாதில வலதுலேர்ந்து இடதுக்கு வந்திருக்கு. நம்ம கூடத்துல இடதுகைக்காரங்க எத்தன பேரு, தமாயே சான்?”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். இடது கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ வந்தப்போ வானம் காஞ்சிருந்துச்சு, அவரு தூங்கிட்டிருந்தாரு, அவ்வளவுதான். அதச் சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி. ஈரமா இருந்துச்சுன்னு சொன்னியானா அடுத்த கேள்வி என்ன வரும்னு யோசிச்சுப் பாத்தியா? அந்தப் பொண்ணு ரிட்சுகோ உன்ன என்ன கேப்பா? எம்புருஷன் சாகுறப்போ பக்கத்துல நின்னு என்ன பண்ணிட்டிருந்தன்னு கேப்பா. நீ என்ன சொல்லுவ, வானம் தீட்டிட்டிருந்தேன்னா?”

தமாயே குனிந்து அந்த வானத்தைப் பார்த்தாள். அவள் கை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“முதலாளி, ரெண்டு பேரு கைன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. சேந்த எடத்துல கோடு தெரியுதா உங்களுக்கு?”

குராமொச்சி வானத்தை ஜன்னல் வெளிச்சத்திலிருந்து நகர்த்தி வைத்தார்.

“காஞ்ச வானத்துல கோடு இல்லாம சேக்க முடியாது. இது ஒங்களுக்கும் தெரியும். அப்ப ஈரமாத்தான் இருந்துச்சுன்னு என்னைவிட முன்னாடியே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற?” குராமொச்சியின் குரல் முதல் முறையாகத் தடித்தது. “மேல படக் கம்பெனிக்காரன் என் கழுத்துல கத்தி வெச்சிருக்கான். இவர என் ஊழியர்னு நான் ஒத்துக்கிட்டா நீங்க அத்தனை பேரும் ஊழியர். கூடத்த மூட வேண்டியதுதான். அடுத்த படத்துக்குக் கலைத் தலைமை நாற்காலி காலியா இருக்கு. கஜிவாராவோட நாற்காலி. அதுல நீ உக்காரணும்னு நெனச்சேன்.”

அவள் எழுந்து குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த நாற்காலி அவளுக்குக் கனவிலும் வேண்டாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி அவளை அறுத்துவிட்டது. அது குராமொச்சியின் கேள்வி இல்லை, அவளுடைய கேள்வி. அவர் வாயிலிருந்து வந்ததுதான் அசிங்கமாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ரிட்சுகோ கணவரின் சாமான்களை எடுத்துப் போக வந்தாள். முதலாளி வராத நாள் அது. ஒத்தாசைக்கு என்று சொல்லி ஓனுக்கி எல்லோரையும் வரவழைத்திருந்தார். ஒத்தாசைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. தூரிகைகள், உள்ளே போடுகிற செருப்பு, முழங்கையில் ஒட்டுப் போட்ட ஸ்வெட்டர், விளிம்பு உடைந்த தேநீர்க் கிண்ணம். ஒரு துணிப் பையில் அடங்கிவிட்டது. பிறகு அவள் மேசையைப் பார்த்தாள். முழங்கை ஊன்றிய இடத்தில் பலகை பள்ளமாகித் தேய்ந்திருந்தது. மேசையின் கால் ஆடாமல் இருக்க மடித்த காகிதம் சொருகியிருந்தது. அவர் தீட்டிய அறைகளில் ஒன்றைப் போலவே இருந்தது அந்த மூலை. தமாயே அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாவுக்கு வந்தவர்களுக்குத் திருப்பிச் செய்கிற முறைக்காக ரிட்சுகோ தேயிலைப் பொட்டலங்கள் கொண்டுவந்திருந்தாள். வெள்ளைக் காகிதம் சுற்றியது. ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்து கொடுத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய கைகளும் வெடித்திருந்தன, பாத்திரம் கழுவும் சோடாவால். தமாயேவிடம் வந்து நீட்டினாள். தமாயே கையை நீட்டவில்லை.

“ரிட்சுகோ சான், இத வாங்க எனக்கு யோக்கியதை இல்ல. நான் சொல்றதக் கேட்டுட்டு, அப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கதவைத் திறந்தது, விளக்கு எரிந்தது, வானம் பாதியில் நின்றது, காகிதத்தின் ஓரத்தைத் தொட்டது. தூங்கட்டும் என்று நினைத்தது. தூரிகையை எடுத்தது. மஞ்சள்வரைக்கும் இறக்கி முடித்ததும் சந்தோஷமாக இருந்ததைக்கூட மறைக்கவில்லை. பேசும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ரிட்சுகோவின் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பாய்க்கடைக்காரரின் ரேடியோ மெல்லக் கேட்டது.

ரிட்சுகோ கேட்டாள்.

“நீங்க வந்தப்போ அவருக்கு மூச்சு இருந்துச்சா?”

“தெரியல.”

“பக்கத்துலதான நின்னீங்க?”

“பக்கத்துலதான் நின்னேன். அவரப் பாக்கல. வானத்தத்தான் பாத்தேன்.”

ரிட்சுகோ அப்படியே கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. தேய்ந்த பள்ளத்தில் தன் முழங்கையை வைத்தாள், வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தாள். ஒரு தடவை குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தபோது, டாக்டரைக் கூப்பிடப் போன தன் கணவர் வாசலில் நின்று, தெருவிளக்கில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னாள். அன்றைக்கு அவரை வாயில் வந்தபடி திட்டினேன் என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மன்னிக்கிற குரலாகவும் அது இல்லை.

ஓனுக்கி சிகரெட்டை அணைத்தார்.

“என்னோடதையும் கேட்டுக்கங்கம்மா. முதல் நாள் சாயங்காலம் முதலாளி இங்கதான் நின்னாரு, இப்ப நான் நிக்கிற எடத்துல. காலைல வண்டி வரும், வானம் வேணும்னாரு. என் காதுல விழுந்துச்சு. நான் கோட்ட மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய், சுடுதண்ணில குளிச்சிட்டுத் தூங்கிட்டேன். அப்புறம் கேக்கலைன்னு சொல்லுன்னாரு. சரின்னுட்டேன். தமாயே ஒருத்திதான் பக்கத்துல நின்னான்னு இல்ல. நாங்க எல்லாருமே பக்கத்துலதான் நின்னோம்.”

அவர் கேலி இல்லாமல் பேசி அந்த அறை கேட்டதே இல்லை. சுவரோர வரிசையிலிருந்த ஒருத்தி, எனக்கும் கேட்டது என்றாள். இன்னொருவன், இரண்டு நாளாக அவர் தலைவலி என்று நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்ததைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை என்றான். ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். சொன்ன பிறகு யாருக்கும் நிம்மதி வரவில்லை, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது. அத்தனை நாளாக அந்த அறையில் அதுகூட முடியாமல் இருந்தது.

கடைசியில் ரிட்சுகோ எழுந்தாள்.

“தமாயே சான், ஒங்கமேல எனக்கு ஆத்திரம் இருக்கு. அது எப்ப போகும்னு தெரியாது, போகாமலே கூட இருக்கலாம். ஆனா நான் அந்த ஆபீசுக்குத் தனியாப் போய் நின்னுட்டு வந்திருக்கேன். தூங்கின எடத்துல செத்தவருன்னு எழுதி வெச்சிருக்காங்க. இருபது வருசமா தூங்காத மனுசன். விசாரிக்க ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், நாளைக்குக் காலைல என்கூட வாங்க. இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே அங்கயும் சொல்லுங்க. மூச்சப் பத்தியும் சொல்லுங்க, எதையும் விடாதீங்க.”

அவள் பொட்டலத்தை மறுபடி நீட்டினாள். தமாயே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், கஜிவாராவின் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரிட்சுகோ அவளைத் தொடவில்லை, விலகிப் போகவும் இல்லை.

*

மறுநாள் விடியலில் தமாயே வழக்கம்போல முதல் ரயிலில் வந்தாள். பனிக்கட்டியை உடைத்தாள், தண்ணீர் மாற்றினாள், ஆனால் காகிதத்தை ஊறவைக்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், ரிட்சுகோவும் வந்து சேர்ந்தாள். இருக்கிற தூரிகைகளையெல்லாம் கழுவி, துணியில் ஒற்றி, நுனி கெடாமல் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். மேசை விளக்குகளை அணைத்தார்கள்.

இரும்புப் படிக்கட்டில் இறங்கும்போது குராமொச்சி எதிரே வந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருந்தார், யாரோ சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்தார், நடுவில் கறுப்புக் கோட்டில் ரிட்சுகோவைப் பார்த்தார், குனிந்து வணங்கினார். அவளும் வணங்கினாள். முறை என்று ஒன்று இருக்கிறதே.

“பத்து மணிக்கு வண்டி வரும்” என்றார் அவர், பொதுவாக எல்லோரையும் பார்த்து. “மூணு காட்சி போயாகணும். போகலைன்னா அந்தப் படம் நம்ம கைய விட்டுப் போயிடும். அப்புறம் யாருக்கும் வேலை இருக்காது. எங்க கெளம்பிட்டீங்க?”

“கலைஞர்களுக்கு நேரம் காலம் கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க” என்றார் ஓனுக்கி.

இரண்டு பேர் சிரித்தார்கள், பயந்த சிரிப்புதான். குராமொச்சியின் கண் தமாயேவைத் தேடிப் பிடித்தது.

“நீயுமா? எல்லாத்தையும் சொல்லப் போறியா?”

“சொல்லிட்டேன், முதலாளி. சொல்ல வேண்டியவங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன். மிச்சம் ஆபீஸ்ல.”

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். படிக்கட்டு ஒடுக்கமானது, ஒதுங்காமல் வேறு வழியில்லை. அவர்கள் அவரைத் தாண்டி ஒவ்வொருவராக இறங்கினார்கள். மேலே அந்த அறை திறந்தே கிடந்தது.

அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. கஜிவாரா ஊழியரே இல்லை என்று முதல் வரியிலேயே அடித்துவிடலாம். பத்து மணி வண்டி காலியாகத் திரும்பினால் நாளைக்குக் கதவில் பூட்டுத் தொங்கலாம். எல்லாவற்றையும் நேற்று இரவே வீட்டில் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அப்படியும் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை.

வயல் ஓரமாக நடந்தார்கள். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. நீலத்துக்குக் கீழே ஊதா, ஊதாவுக்குக் கீழே மங்கிய ரோஜா. எல்லோரும் அதே தொழிலைச் செய்கிறவர்கள், பழக்கத்தில் ஒரு கணம் தலையை உயர்த்தி அந்தப் பக்கம் பார்த்தார்கள். தமாயே பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். குளிரில் ஓனுக்கியின் வாயிலிருந்து ஆவி வந்தது. சுவரோர வரிசைக்காரியின் வாயிலிருந்து வந்தது. ரிட்சுகோ கறுப்புக் கோட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள், அவள் முகத்துக்கு முன்னால் வெள்ளையாக ஒன்று எழுந்து கலைந்தது, மறுபடி எழுந்தது. ஒருவரையும் விடாமல், ஒவ்வொருவருக்கும் மூச்சு இருக்கிறதா என்று தமாயே பார்த்துக்கொண்டே நடந்தாள்.